நிற்காத செண்ட்

அருள்பாண்டி பால் பாத்திரத்தைப் புதுக் கேஸ் அடுப்பில் ஏற்றி, திருகைத் திறந்து, லைட்டரை அமுக்கினான். பற்றவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான். டிக் டிக்கென்று சத்தம் வந்ததே தவிர பொறி வரவில்லை.

சனியன், இன்றைக்கென்று பார்த்து மக்கர் பண்ணுகிறது.

கனிஷ்கா கீழே கடைக்குப் போயிருந்தாள். காலையில்தான் தென்காசியிலிருந்து வந்து இறங்கினாள். கல்யாணம் ஆகி இத்தனை மாதம் கழித்து, பென்னலூரில் அவன் பிடித்திருக்கும் இந்த மாடி அறையில் இனிமேல் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம். வாசலில் பையை இறக்கியதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சீனி இல்லாமலா பால் காச்சப் போறீய?"

அவள் சிரித்துவிட்டு, உள்ளே கால் வைக்காமலே படி இறங்கிவிட்டாள்.

திரும்பி வந்து அவள் வலது காலை எடுத்து வைக்கும்போது பால் பொங்கி வழிய வேண்டும். அதுதான் அவன் ஆசை. தீப்பெட்டியைத் தேடிப் பையைக் கிளறினான்.

கையில் அகப்பட்டது செண்ட் பாட்டில்.

அதைப் பார்த்ததும் அடுப்பும் திறந்துவிட்ட திருகும் மறந்துபோயின. ஆட்டோவில் நடந்தது ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமலே வந்தாள்.

தலைதீபாவளிக்கு அவள் வாங்கித் தந்த செண்ட் இது. அன்றைக்கு மாமனார் வீட்டு மாடியில், அவன் தோளில் புதைத்த முகத்தை அவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை. அந்த நினைப்பில்தான் இவ்வளவு நாளும் ஒரகடத்தில் அவன் பிழைப்பு ஓடியது.

பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் அவனுக்குத் தின்னர் தொட்டி. பெயின்ட் அப்பிய கொக்கிகளை ஷிஃப்ட் முழுக்க முக்கிக் கழுவ வேண்டும். சேர்ந்த புதிதில் அந்த நெடிக்குத் தலை சுற்றி, வாந்தி எடுத்து, வேலையே வேண்டாம் என்று பையைக் கட்டினான். பக்கத்துத் தொட்டி நாகப்பன்தான் பிடித்து உட்கார வைத்தார்.

"பழகிடும்பா. எனுக்குப் பழகல?"

சொன்னபடியே பழகிவிட்டது. இப்போது தொட்டிக்குள் தலையை விட்டால்கூட அவனுக்கு நெடி தெரியாது. புதிதாக வருகிற பையன்கள் இருமும்போது அவன் கொஞ்சம் பெருமையோடு சிரிப்பான்.

ஆனால் அவனுக்குப் பழகி என்ன? பெண்டாட்டிக்குப் பழக வேண்டுமே. நாகப்பனை அவர் சம்சாரம் தின்னர் நாற்றம் தாங்காமல் தனிப் பாய்க்குத் துரத்திவிட்டாளாம். கேன்டீனில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள்பாண்டியால் சிரிக்க முடியவில்லை.

அதற்காகவே செண்ட் நாள் முழுக்க நிற்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செல்போனில் பார்த்து வைத்திருந்தான். முதலில் மணிக்கட்டில் வாஸ்லின், அதன்மேல் செண்ட். அடித்த பிறகு தேய்க்கவே கூடாது. சட்டையின் உள்தையலில் கொஞ்சம், சீப்பில் கொஞ்சம். விடியற்காலையில் எழுந்து ஒன்று விடாமல் செய்தான். செண்ட் நிற்கவில்லை. அடித்த ஈரம் காய்வதற்குள் வாசனை போய்விடுகிறது.

வீட்டுக்கார அம்மா கிளியம்மாள் மட்டும், அவன் படி இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாபா, பாட்டிலத் தலையில கவுத்துக்கினியா? கப்பு தாங்கல!" என்று கத்தினார். அந்தம்மா யாரைத்தான் விட்டுவைத்தார், வழக்கம்போல ஓட்டுகிறார் என்று போய்விட்டான்.

சாமி படத்துக்குப் போடச் சொல்லிக் கனிஷ்கா கொடுத்த பிச்சிச் சரம் அலமாரியில் இருந்தது. ஊரிலிருந்து வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தது. பூ வெள்ளைவெளேரென்று விரிந்திருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தான். மணமே இல்லை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த பூ, பாவம், அதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

செண்டை மறுபடி அடித்தான். கழுத்தில், காதுக்குப் பின்னால், காலரின் உள்பக்கம். காற்று பட்டால் வாசனை ஓடிவிடும் என்று செல்போனில் சொன்னார்களே என்று ஃபேனை நிறுத்தினான். ஜன்னலை இழுத்துச் சாத்தினான். கதவையும் சாத்தினான்.

மணிக்கட்டை மூக்கோடு ஒட்டி இழுத்தான். ஒன்றும் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அப்போது கீழேயிருந்து கிளியம்மாளின் குரல் கேட்டது.

"இன்னாபா மேல இந்தக் கப்பு அடிக்குது? ஜன்னலத் தொறப்பா!"

அருள்பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கதவைச் சாத்தியும் கீழ்வீடு வரைக்கும் போயிருக்கிறது! அப்படியானால் நிற்கிறது. கடைசியில் செண்ட் நிற்கிறது.

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. ஓட்டமும் நடையுமாக ஏறி வந்தது. ஏதோ கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள். வரட்டும், அவளுக்கும் ஆசை இருக்காதா?

பால் அப்படியே இருப்பதைப் பார்த்துப் பதறிப்போய்ப் பையின் அடியில் கையை விட்டான். தீப்பெட்டி கிடைத்தது.

முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது.

அடுத்ததை எடுத்துக்கொண்டு, அவளுக்கு எப்படி மணக்கும் என்று தெரிந்துகொள்ள, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தான். எதுவும் தெரியவில்லை.

இதுவும் பழகிவிட்டதுபோல, என்று நினைத்துக்கொண்டு குச்சியைப் பெட்டியில் வைத்து அழுத்தினான்.