மாவாட்டும் வாகனம்

மனிதகுலத்தின் பயணத்தையே புரட்டிப்போட்ட மாமேதை என்று நாச்சிமுத்துவைப் புகழாத மேடை கோயமுத்தூரில் இல்லை. அவர் வீட்டிலேயே கட்டிய மின்சார ஸ்கூட்டரில் ஓடியது மனைவி கோகிலவாணியின் கிரைண்டர் மோட்டார் என்பதை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. அவள் மாவு விற்றுக் குடும்பத்தை ஓட்டிய மோட்டார் அது.

ஸ்கூட்டரை வாங்கிய கம்பெனி, அதைப் போலவே ஊருக்கெல்லாம் செய்து விற்றது. பழைய மோட்டாருக்கு மாலை போட்டு, உள்ளே தன் வண்டிகளின் மின்னணு மூளையையும் வைத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தது.

அதைக் கிரைண்டரில் மாட்டி, அரிசியைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள்.

“தலைக்கவசம் அணியவும்,” என்றது கிரைண்டர்.

“ஏனுங்க, இதென்ன கூத்து?”

“அது இப்ப சட்டப்படி வண்டி புள்ள. எல்லாம் பாதுகாப்புக்குத்தான்,” என்றார் நாச்சிமுத்து, மேடையில் பேசும் குரலில்.

வாசலில் மாவு வாங்கத் தூக்குப்போசிகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினாள்.

“அக்கா, உளுந்துக்கு மைலேஜ் எப்படிங்க?” என்று கேட்டுச் சிரித்தாள் ஒருத்தி.

“ஓட்டுநர் உரிமத்தைக் காட்டவும்,” என்றது கிரைண்டர்.

“மாவாட்டறவளுக்கு ஏதுங்க லைசென்சு? பொன்னாடை போத்திக்கிட்டு மேடை மேடையா ஏறுனீங்கல்ல, உங்க லைசென்ச எடுத்து நீட்டுங்க! இல்லீன்னா இந்தக் குழவியத் தூக்கி அந்தக் கம்பெனிக்காரன் மண்டையிலயே போட்டுருவேன்!”

நாச்சிமுத்து தோளில் கிடந்த பொன்னாடையின் நுனியைத் திருகினார்.

அவரிடம் லைசென்சு இல்லை. எட்டுப் போடப் போன ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றிவிட்டார்.