சக்களத்தி

மிலோராட் தன் பழைய ஃபிலிம் கேமராவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் நின்ற ஸோரிக்காவுக்கு வயிறு எரிந்தது.

"கட்டின பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருக்கியா?"

"ஷட்டர் மறுபடி சிக்குது. ஸ்னேஷானா கடையில காட்டணும்."

"வாராவாரம் சனிக்கிழமையானா ரிப்பேர். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கேன்."

"இந்த மாதிரி லென்ஸ் இனிமே கிடைக்காது ஸோரிக்கா."

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழு" என்றவள், செர்ரி வைத்துச் சுட்ட பிட்டா பலகாரத்தில் பாதியைப் பொட்டலம் கட்டி நீட்டினாள். "இதை ஸ்னேஷானாகிட்ட குடு. பாவம், இந்தச் சனியனோட மல்லுக்கட்டுறது அவதானே."

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனதும், கேமராவைப் பையில் திணித்துக்கொண்டு பெல்கிரேடுக்கு பஸ் ஏறினாள்.

"இதை எடுத்துக்கிட்டுப் புதுசா ஏதாவது குடுங்க" என்றாள் அங்கே ஒரு கேமராக் கடைக்காரரிடம். "இந்தச் சக்களத்தி இனி என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது."

அவர் ஷட்டரை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். "இதையா மாத்தணும்? ஒரு குறையும் இல்லையே."

"வாராவாரம் ரிப்பேருக்குப் போகுதில்ல, அதான்."

"ரிப்பேரா?" கேமராவைக் கவிழ்த்து ஒரு திருகைக் காட்டினார். "கம்பெனியில வச்ச அரக்கு அப்படியே இருக்கு பாருங்க. இதை உடைக்காம உள்ள கை வைக்க முடியாது. இன்னிக்கு வரைக்கும் இதை யாரும் பிரிச்சதே இல்லைம்மா."

ஸோரிக்கா கேமராவைத் திரும்ப வாங்கிக் கைக்குட்டையால் மெல்லத் துடைத்தாள்.

இத்தனை வருஷமும் ஆள் மாறித் திட்டியிருக்கிறாள். பிட்டா வேறு சுட்டுக் கொடுத்திருக்கிறாள்.