எழுத்துல குடுங்க

“இன்னிக்கு மூணு மணிக்கு நீ எங்க இருப்ப, கமலா?”

“மேல்மாடி கக்கூஸ் கழுவிட்டு இருப்பேன் சார்.”

“கரெக்ட். கடற்கரை ரோட்டு ஓட்டல் பக்கம் உன் நெழல்கூட விழக் கூடாது. புரியுதா?”

கமலா தலையை ஆட்டினாள். லாஸ்பேட்டையில் இருக்கும் அந்த மத்திய அரசு அலுவலகத்தின் மூன்று மாடிகளையும் பெருக்கிக் கழுவுவது பன்னிரண்டு பெண்கள். அவர்களில் மூத்தவள் அவள். எதிரே உட்கார்ந்திருந்தவர் நிர்வாக அதிகாரி ஜானகிராமன்.

டெல்லியிலிருந்து நாடாளுமன்றக் குழு ஒன்று புதுச்சேரிக்கு வந்திருந்தது. அரசு அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்க, எம்.பி.க்கள் பத்துப் பதினைந்து பேர் மூன்று மணிக்கு அந்த ஓட்டலில் உட்காரப் போகிறார்கள். குழு முன்கூட்டியே அனுப்பியிருந்த கேள்விகளுக்கு ஜானகிராமனே பதில் எழுதி அனுப்பிவிட்டார். இருபது பக்கம், இங்கிலீஷில்.

குழுவுக்கு இன்னொரு கடிதமும் போயிருந்தது. எழுதியவள் கமலாவின் மகள் அறிவுமதி. அந்த வீட்டின் முதல் டிகிரியும் அவளுடையது, முதல் கோபமும் அவளுடையது.

கதவைத் தட்டாமலே அவள் உள்ளே வந்தாள். “எங்கம்மா வருவாங்க சார். கமிட்டியிலேர்ந்து பேசக் கூப்ட்டிருக்காங்க.”

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றினார். “ஓ, கடுதாசி எழுதுன மகராசி நீதானா? என்ன படிச்சிருக்க?”

“பி.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ்.”

“அத வெச்சிக்கிட்டு உங்கம்மா வேலைக்கு ஒல வெக்கப் போறியாக்கும்.”

“மதி, வாடி போலாம்,” என்று கமலா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். கையுறை காணாமல் ஆசிட்டில் வெந்த விரல்கள். இந்த வேலையும் போனால் நாளைக்கு யார் வாசலில் போய் நிற்பது?

மதி நகரவில்லை. “எங்கம்மா அங்க வந்து பேசுனா என்ன சார் பண்ணுவீங்க?”

“பேசுறது என்ன, அந்தப் பக்கம் வந்தாலே நாளைலேர்ந்து வர வேணாம்பேன்.”

“கண்டிப்பா வருவாங்க. அதனால இப்பவே சொல்லிடுங்க. வாயால இல்ல, எழுத்துல குடுங்க.”

“என்னது?”

“ஆர்டர் போட்டுக் குடுங்க சார். எழுத வரலேன்னா கிளார்க்கக் கூப்புடுங்க, எழுதித் தரட்டும்.”

நறுக்கென்று தைத்துவிட்டது. ஜானகிராமன் எதைப் பொறுத்தாலும் தம் எழுத்தைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டார் என்பது ஆபீசுக்கே தெரிந்த கதை.

“முப்பது வருஷமா ஆர்டர் எழுதுறவன்டி நானு!”

“டி போடாதீங்க சார். எழுதுங்க.”

அவர் கம்ப்யூட்டரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். “சார், ஏதோ ஆத்திரத்துல பேசுறா, வுட்டுடுங்க சார்,” என்று கமலா கெஞ்சியது இருவர் காதிலும் ஏறவில்லை.

மதி மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “எத்தினி வருஷமா வேலை பாக்குறாங்கன்னு போடல. பதினாலு. ஆர்டர்னா முழுசா இருக்கணும்ல?”

“எனக்குத் தெரியும்!” பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சேர்த்தார். எண், தேதி, கையெழுத்து, வட்ட முத்திரை. ஒன்றிலும் குறை வைக்கவில்லை மனுஷன்.

ஆபீஸ் தாளில் தன் பெயரைக் கமலா பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதுவும் வேலையை விட்டுத் துரத்துவதற்கு.

இரண்டரை மணிக்கு அஜந்தா சிக்னலில் ஸ்கூட்டி நின்றபோதும் அவள் திட்டி ஓயவில்லை. “இருந்த ஒண்ணையும் புடுங்கிட்டியேடி. எழுத்துல வேற குடுக்கணுமாம் எழுத்துல! அவர் பாட்டுக்குக் கத்திட்டு வுட்டிருப்பாரு.”

“பச்சை விழுந்துடுச்சு. கெட்டியா புடிச்சிக்கம்மா.”

ஓட்டல் வாசலில் டெல்லி அதிகாரி ஒருவர் வழிமறித்தார். மதி அவரிடம் இங்கிலீஷில் படபடவென்று பேசி, அந்த ஆர்டரை நீட்டினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “ப்ளீஸ், மேடம்,” என்று கமலாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். வேலை போன ஆத்திரத்திலும் கமலாவுக்குத் தலை நிமிர்ந்தது. என் வயிற்றில் பிறந்தது இப்படிப் பேசுகிறதா!

உள்ளே வரிசையாக எம்.பி.க்கள். எதிரே அதிகாரிகளோடு ஜானகிராமன். குழுவின் தலைவர் நரைத்த தலை வடநாட்டு அம்மாள். கமலாவுக்கும் மதிக்கும் நாற்காலி போடச் சொன்னார். கைக்கு வந்த ஆர்டரை நிதானமாகப் படித்தார். பிறகு அந்த இருபது பக்கத்தைப் புரட்டி, ஓர் இடத்தில் விரல் வைத்து, ஜானகிராமனைப் பார்த்து இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஜானகிராமன் எழுந்து நின்றார். தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

“என்னடி கேட்டாங்க? மனுஷன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு!”

மதி அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

“‘எங்க ஆபீசுல கழுவுறதுக்கு ஆளே கெடையாது, எல்லாம் மெஷின்தான்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பதினாலு வருஷமா இல்லாத ஆள இன்னிக்கு எப்படி வேலைய வுட்டு நிறுத்துனீங்க?’ன்னு கேக்குறாங்கம்மா.”