அறையின் சத்தம்

“காலையில எழுந்ததுல இருந்து என்ன பண்றீங்க மாமா? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றாள் மச்சினி, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.

“எதுக்கு?”

“டாக்டர்கிட்ட போனா கேப்பாங்கல்ல, அந்த மாதிரி.”

அவன் சொன்னான். ஆறு மணிக்கு எழுவது. பல் துலக்குவது. பால் காய்ச்சுவது. இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பது. மடிக்கணினியில் மனைவியின் ஒலிப்பதிவு மென்பொருளைத் திறப்பது. கடைசி ஃபைலை ஓடவிடுவது. திரை உறைந்து நிற்பது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடுவது. குளித்து வேலைக்குப் போவது. மூன்று வாரமாக இப்படித்தான்.

“மத்த ஃபைல் எல்லாம்?”

“எல்லாமே நிக்குது.”

மச்சினிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டர் வேலை. அவன் மனைவி புத்தகங்களைக் குரலில் வாசித்துக் கொடுத்தாள். அக்கா வாசிக்க, தங்கை வெட்டி ஒட்டுவாள். போன மாதம் வரை.

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் திரையில் ஒலி ஓடும் இடத்தைக் காட்டும் கோடு நூலிழை நகர்ந்து நின்றது.

“அக்கா மாதிரியே. உக்காந்துட்டா அசையாது” என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் மூலையிலிருந்த மர அலமாரியைப் பார்த்தார்கள். அதற்குள் அவன் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவள் வாசிப்பாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்பாள். முதலில் மின்விசிறி நிற்கும். அடுத்து ஃபிரிட்ஜ் நிற்கும். வாசிப்பு முடிந்ததும் ஃபிரிட்ஜை மறந்துவிடுவாள். எத்தனையோ நாள் பால் திரிந்திருக்கிறது. இந்த வீட்டில் நான்கு வருடத்தில் டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கவும், கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி கதவைச் சாத்தவும் அவன் பழகியிருந்தான்.

“ஒரு தடவை உங்க தும்மலை வெட்டி எடுத்திருக்கேன் மாமா. பேய்க் கதை. விட்டிருந்தா இன்னும் நல்லா பயந்திருப்பாங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது. வரவில்லை.

“ஆமா, மைக்கைச் சொருகுற சின்னப் பெட்டி எங்க?”

அவன் பரணைக் காட்டினான். அவள் இறந்த முதல் வாரத்திலேயே மைக்கையும் பெட்டியையும் கட்டி மேலே போட்டிருந்தான். பார்க்க முடியவில்லை.

“அதான் விஷயம். இது ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைத் தேடுது. கிடைக்காம அப்படியே நின்னுடுது. அது இல்லைன்னு யாராவது இதுக்குச் சொல்லணும்.”

எங்கோ உள்ளே போய்ப் பெட்டியின் பெயருக்குப் பதிலாக, கணினியின் சொந்த ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு கடைசி ஃபைலின் தேதியைப் பார்த்தாள். நேரத்தையும் பார்த்தாள். காலை ஒன்பது பத்து.

“அன்னிக்கா?” குரல் இறங்கிவிட்டது. “நீங்க கிளம்புற நேரம். ‘பாத்துப் போயிட்டு வா’ன்னு சொன்னாளே, அது இதுல இருக்குமா மாமா? அம்மா அதைச் சொல்லாத நாளே இல்ல.”

மனைவி அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்று மதியம் சாலையில் ஒரு வண்டி அவளை இடித்தது. மருத்துவமனைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை. கடைசியாக என்ன பேசினாள் என்று அத்தை அழுதபடி கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னான். உண்மையில் பேசியதை ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் தினமும் காலையில் அந்தத் திரைமுன் உட்கார்ந்தான். தான் நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு அது கடுமையாக இல்லாமல் இருக்கலாம்.

மச்சினி பொத்தானை அழுத்தினாள். கோடு நகர்ந்தது.

தூரத்தில் அவன் குரல். “மாத்தல் வந்துடுச்சு. வேற ஊரு. நீ வருவியா, மாட்டியா?”

வெகு அருகில் அவள் குரல். “கொஞ்சம் வாயை மூடிட்டு இரேன்.”

அதன் பிறகு ஒன்றுமில்லை.

மச்சினி நிமிர்ந்து பார்த்தாள்.

“அத்தைகிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றான். “வருவியான்னு கேட்டேன். இதான் பதில். நான் கிளம்பிட்டேன்.”

கணினியை மூடக் கை நீட்டினான். மச்சினி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க. இது நிக்கல, ஓடுது. அக்கா வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெறும் அறையோட சத்தத்தை எடுப்பா. வெட்டின இடத்துல நான் அதைத்தான் வச்சு ஒட்டுவேன். இல்லைன்னா அங்க குழி விழுந்த மாதிரி கேக்கும். அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது.”

அவனுக்கு அது தெரியாது. அமைதி எல்லாம் வாசிப்புக்கு என்றே நினைத்திருந்தான்.

“நீங்க கிளம்புன சத்தமே கேக்கலையே மாமா?”

“பழக்கம்” என்றான். அந்தக் கோபத்திலும் கைப்பிடியை அழுத்திப் பிடித்துத்தான் கதவைச் சாத்தியிருந்தான். அலமாரிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு அவன் போனது தெரிந்திருக்காது.

கோடு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நொடி. ஐம்பது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், அவள் இன்னும் உள்ளே உட்கார்ந்திருப்பது போல.

ஒரு நிமிடம் முடிந்தது. துணிகள் சரசரத்தன. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

“ஆச்சு. இப்ப சொல்லு. எந்த ஊரு? அங்க என் அலமாரி வைக்க இடம் இருக்குமா?”