வானிலைப் பட்டை

"பிரவுசர் மேல தானா வந்து ஒட்டிக்கிட்ட இந்த வானிலைப் பட்டையை, இந்த டூல்பாரை, எடுத்தே ஆகணும்மா. நீங்க எதைத் தேடினாலும் வேற எங்கேயோ இழுத்துட்டுப் போகுது. தட்டுற பாஸ்வேர்டைக்கூட வேவு பார்க்கும்" என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"மத்ததை எல்லாம் எடுத்துடுங்க தம்பி. அது மட்டும் இருக்கட்டும்" என்றார் ஓய்வுபெற்ற நூலகர்.

"இங்க வெயில் கொளுத்துது. இது மழைன்னு காட்டுதே!"

"அது என் தங்கச்சி இருக்கற மலை ஊரு." நூலகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா வீட்டை விக்கறப்போ வாய்த்தகராறு. பேச்சு நின்னு எட்டு வருஷம் ஆச்சு. சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே குடையிலதான் பள்ளிக்கூடம் போவோம். நான் நனையக் கூடாதுன்னு அவ தோளை வெளியே விட்டுக்குவா. மழைன்னா அவளுக்கு மூச்சு இழுக்கும். தினம் காலையில இதைப் பார்த்தாத்தான் எனக்கு வேலை ஓடும்."

"போன்ல கேட்டா இதைவிடச் சரியாச் சொல்லுவாங்களேம்மா" என்று மேஜையில் இருந்த கைபேசியை எடுத்து நீட்டினார் மெக்கானிக்.

மறக்காத எண்தான். நூலகர் அதை ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார்.

"அங்க... மழையாடி?"

மறுமுனையில் தங்கையின் குரல் கேட்டது.

"தூறல்தான்க்கா. உனக்குத்தான் இன்னிக்கு முப்பத்தெட்டு டிகிரி. மத்தியானம் வெளியே கிளம்பிடாதே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏதோ ஒரு பட்டை கம்ப்யூட்டர்ல வந்து ஒட்டிக்கிச்சு. எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. நான்தான் விடலை."

நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"எடுத்துடுங்க தம்பி. நாளைக்கு மலைக்கு வர முடியுமா? அங்கேயும் ஒண்ணு எடுக்க வேண்டியிருக்கு. நானும் கூட வர்றேன்."