பதினேழாம் நம்பரின் காதில்

ஆட்டுக் கொட்டகைக்காரர் எந்த ஆட்டின் காதில் வாயை வைக்கிறாரோ, அது வாரம் தாண்டுவதில்லை. இதுவரை ஆறு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு 'எமனண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "டீ வந்திருக்கு" என்று அவர் குனிந்து சொன்னால்கூட, ஆளாளுக்கு இரண்டடி தள்ளி நின்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

"பதினாலாம் நம்பருக்குக் காய்ச்சல்கூட இல்ல மேடம். நல்லா தீனி தின்னுட்டிருந்துச்சு. இவர் போய் காதுல ஏதோ சொன்னாரு. மறுநாளே இருமல். இதோ, அறுத்துப் பார்க்கற மேஜைக்கு வந்துடுச்சு" என்றார் லேப் உதவியாளர்.

டாக்டரம்மாவுக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் கிடையாது. மனிதர்கள் மேல்தான் பயம். ஆடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் நுரையீரல் தொற்றுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர். கொட்டகையில் இருபது ஆடுகள். பாதிக்குத் தடுப்பூசி, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு நோய் வந்த ஆடுகளை உள்ளே விட்டாயிற்று. எதற்கு எது போட்டது என்ற பட்டியல் சீல் வைத்த உறையில், இயக்குநரின் அலமாரியில். டாக்டருக்கே தெரியாது.

அது இந்த ஆளுக்குத் தெரிந்திருந்தால்? ஆடுகள் மேல் கைவரிசையைக் காட்டியிருந்தால்? சோதனையே செல்லாது. மூன்று வருடமும் பாழ்.

அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லிக் கடிதம் அடித்து வைத்துவிட்டு, காலையில் தீனி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கொட்டகைக்காரர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டின் விலாவிலும் காதை வைத்தார். பதினேழாம் நம்பரிடம் நின்றுவிட்டார். கொழுகொழுவென்று இருந்த ஆடு. இருமிக்கொண்டிருந்த மற்ற ஆடுகள்கூட ஏனோ அடங்கிப் போயின. அவர் குனிந்து, அதன் காதில் ஏதோ முணுமுணுத்தார். ஆடு காதைக்கூட உதறாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"என்ன மந்திரம் ஓதறீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மந்திரமெல்லாம் இல்லம்மா. முன்னாடி எங்கிட்ட நாப்பது ஆடு இருந்துச்சு. இதே சீக்குதான். ஒரே மாசத்துல எல்லாம் போச்சு. மூச்சு மாறுற அந்தச் சத்தம் எனக்கு மறக்கவே மறக்காது. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே காதுல விழுந்துடும்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். காகிதம் உரசுவது மாதிரி, மிக மெல்லிதாக ஒரு சத்தம். இருக்கத்தான் செய்தது.

"சரி, அதை எங்கிட்டல்ல சொல்லணும்? ஆட்டுக்கிட்ட என்ன ரகசியம்?"

"விடுங்கம்மா."

"சொல்லுங்க!"

அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒவ்வொரு ஆட்டையும் அறுத்துப் பார்த்துட்டு, குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நீங்க அழறீங்களேம்மா, அது வெளியில கேக்குது. அதான்... 'அந்தம்மா மேல கோபப்படாதே, அவங்களை மன்னிச்சுடு'ன்னு உங்களுக்காகக் கேட்டுக்கிட்டிருந்தேன்."