பக்கத்து சீட்

வாசலில் டிக்கெட் செல்லுபடியான பிறகுதான் பணம் என்று ரெஜினா கறாராகச் சொல்லியிருந்தாள். இணையத்தில் அதை விற்ற முகம் தெரியாத மனிதர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கச்சேரி அரங்கில் உட்கார்ந்ததும் பணத்தை அனுப்பினாள். உடனே அவர் அழைத்தார்.

“மேடம், பக்கத்து சீட்டுக்கு ஆள் வந்தாச்சா?”

“இல்லையே சார், காலியாத்தான் இருக்கு.”

“என்கூடப் பேசாம ஒருத்தி இருக்கா. அந்த டிக்கெட்ட அவளுக்கு நான்தான் அனுப்பினேன். ‘நீ வராட்டி நான் வர்றேன்’னு சொன்னா. அதான் என்னோடத வித்துட்டேன்.”

விளக்குகள் அணைந்து பாட்டு தொடங்கியது. அவர் போனை வைக்கவில்லை. ரெஜினாவாலும் வைக்க முடியவில்லை. பக்கத்து சீட்டில் போட்டிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருட்டில் யார் அந்த வரிசைக்குள் நுழைந்தாலும், பாட்டை விட்டுவிட்டு, முழங்காலை ஒடுக்கி வழிவிட்டாள்.